விருத்தி

வேலந்தாவளத்தில் காற்றுக்குத்தான் முதல் உரிமை.
ஆனி பிறந்தால் மேற்கே கணவாய் திறந்துகொள்ளும்.
நேற்று என் மேசையிலிருந்து எழுந்துபோன
தெக்கேபாடம், சர்வே எண் முந்நூற்றுப் பதினொன்று,
பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்தது
நான்கு எல்லையும் சாணியில் தோய்ந்து.

அதோடு போதும் என்றாகிவிட்டது.

மூடிப்போன சோதனைச்சாவடியிலிருந்து
ஏலத்தில் எடுத்த மேசை. எண்ணூறு ரூபாய்.
தேக்கு என்றார்கள். மருது.
லாரிக்காரர்கள் நின்றபடி கையெழுத்துப் போட
உயரமாகச் செய்திருக்கிறார்கள்.
நான் உட்கார்ந்து,
தோள்பட்டை காதைத் தொட,
நாளுக்குப் பத்து மணி நேரம்
கோவை வக்கீல்களுக்காக
மலையாளத்தைத் தமிழாக்குகிறேன்.
இங்கே ஆதாரம் என்றால் பத்திரம்.
அங்கே பத்திரத்தைக் காட்டினால்
ஆதாரம் உண்டா என்பார்கள்.

பொள்ளாச்சி டாக்டர்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"வயசு முப்பத்தெட்டு, கழுத்து அம்பத்தஞ்சு" என்றார்.
முழங்கை 'ட' எழுத்துப் போல மடங்கணும்.
திரை கண்ணுக்கு நேரே வரணும்.
பாதம் தொங்கக்கூடாது.
மாத்திரை எழுதாமல்
அளவுநாடா வாங்கச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு காலை சுகுணன் ரம்பத்தோடு வந்தார்.
என்னை உட்காரவைத்து
ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல
தரையிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து முழங்கை.
மேசைக்கால்களில் நாலு பென்சில் கோடு,
இரண்டே கால் அங்குலத்தில்.
டிராயரில் ஒட்டியிருந்த சர்க்கார் எண்ணை
நகத்தால் சுரண்டிவிட்டு
யாரும் பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.
பிறகு அறுத்தார்.

விழுந்த நாலு துண்டையும் எறியவிடவில்லை.
ஒரு பலகைக்கு அடியில் கொடுத்து
மானிட்டரை ஏற்றினோம்.
காலில் இருந்தது தலைக்குப் போயிற்று.

வயர்கள்தான் பெரிய வழக்கு.
எதற்கென்றே தெரியாத ஒன்றைப் பிடுங்கினேன்;
அடுக்களையில் ஃபிரிட்ஜ் நின்றது.
மோடம், யுபிஎஸ், பிரிண்டர்,
இரண்டு மாநிலத்துக்கு இரண்டு ஃபோன்,
செத்துப்போன மூன்றாவதின் சார்ஜர்.
சைக்கிள் ட்யூபை வளையம் வளையமாக வெட்டி
கட்டுக்கட்டாகக் கட்டி
மேசையின் பின்முதுகில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம்.
மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பினோம்.
காகிதத்தின்மேல் மளிகைக்கடையில் இரவல் வாங்கிய
அரைக்கிலோ எடைக்கல்.
காலுக்கு ஒரு செங்கல்,
சாக்கு சுற்றி.

டிராயரைக் கவிழ்த்தபோது
தேதி நின்றுபோன ரப்பர் முத்திரை ஒன்று விழுந்தது.
மின்சாரப் பில்லின் முதுகில் குத்திப் பார்த்தேன்.
பதியவில்லை.
எச்சில் தொட்டுக் குத்தினேன்.
பாதி பதிந்தது: சோதித்த யாரோ,
ஒரு வியாழக்கிழமை.
டிராயரிலேயே போட்டுவிட்டேன்.
எல்லாவற்றையுமா ஒழுங்கு செய்ய முடியும்.

மரத்தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு
இடுப்பில் கைவைத்து நின்ற சுகுணன்
"இப்போ நல்ல விருத்தியாயி" என்றார்.

அவருக்கு விருத்தி என்றால் சுத்தம்.
எனக்கு விருத்தி என்றால் பெருக்கம்.
ஆவணமாக இருந்தால்
தயங்காமல் திருத்தியிருப்பேன்.
கையில் விளக்குமாற்றோடு நின்றவரிடம்
என்னத்தைச் சொல்ல?
நாங்களும் வீட்டைப் பெருக்குகிறோம்,
நாலை மூன்றால் பெருக்குகிறோம்,
ஒரே சொல்லில்.
யார் யாரிடமிருந்து
குழம்பிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள்
அவர் அர்த்தம் போய் என் அர்த்தம் வந்தது.
ஒரு டீ கிளாஸ். இரண்டு பேனா மூடி, பேனா இல்லாமல்.
உரித்த ஆரஞ்சுத் தோல்.
மூன்றாவது ஃபோனின் சார்ஜர், எப்படியோ.

கழுத்து இன்னும் வலிக்கிறது.
வேறு இடத்தில்.

திங்கள் காலை
முழங்கை 'ட'வாக மடிய
காய்ந்த தெக்கேபாடத்தை எடுத்து வைத்தேன்.
கிழக்கே ஓடை. தெற்கே நடைவழி.
வடக்கே காளியம்மாள் வகையறா தென்னந்தோப்பு.
மேற்கு எல்லையை மட்டும்
சாணி தின்றிருந்தது.
பதிவு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
அதுவரைக்கும்
மேற்கே என்று தட்டி, ஒரு புள்ளிக்கோடு விட்டு,
எழுந்துபோய்
ஜன்னலின் மேற்குக் கதவைச் சாத்தினேன்.